பேனாவின் வயிற்றுக்குள்ளே

நாள்தோறும் நம் கையிலே தவழும் பேனாவின் வயிற்றுக்குள் என்ன இருக்கின்றதென்று நேயர்கள் எண்ணிப் பார்த்ததுண்டோ? எம்மிடம் பயின்ற மாணவி ஒருத்தி, கொழுந்து பறிக்கும் தாயின் மகள், பல்கலைக்கழகப் பிரவேசம் பெற்றாள். எம் கையாற் கடைந்த பேனா ஒன்றைப் பரிசளிப்பதாக வாக்களித்துவிட்டோம். வந்தது வினை!

பேனா கடைதல் நம் பக்கத்து நாட்டார்க்குப் புதிதன்று. இராஜமுந்திரியிலே இரத்தினம் என்பார் எபொனைற்றிற் கடைந்த சுதேசிப் பேனாவைப் பெற்ற காந்தியடிகள் 1935இல் நன்றி கூறிக் கடிதம் எழுதினார். கந்தகம் கூட்டி இறுகச் செய்த இறப்பரே எபொனைற்று. தமிழ்நாட்டுத் திருவள்ளூரில் றங்கா பேனாக்கள் இன்றும் கையாலே கடையப்படுகின்றன. இவற்றில் உடலையே குடைந்து புரி வெட்டுவதால் உட்குழல் வேண்டியதில்லை.

எம்போன்ற பொழுதுபோக்குக்காரர் வழி வேறு. அக்ரிலிக் கட்டையைத் துளைத்து, பித்தளைக் குழலை உள்ளே ஒட்டி, முனையையும் மூடியையும் அக்குழலிலே இறுக்குகின்றோம். கட்டை ஒளிபுகுவதாயின், நீலத்துக்குள்ளே பித்தளையின் மஞ்சள் பல்லிளிக்கும். அதனை மறைக்கவே வர்ணம்.

குழலின்மேல் மட்டும் பூசினாற் போதாது. செருகும்போது வர்ணம் உரசிக் கீறும். பசையின் காற்றுக்குமிழ்களும் வெளியே தெரியும். துளையின் உட்சுவரிலே பூசுவதே உத்தமம். துளைக்கும்போது அலகை அடிக்கடி வெளியே இழுத்துத் துகளை நீக்கவேண்டும். அவசரப்பட்டாற் சூடேறி அக்ரிலிக் உருகும், வெடிக்கும். குழலை மண்கடதாசியாற் சற்றே சொரசொரப்பாக்கி, எப்பொக்சிப் பசை தடவி, திருகித் திருகிச் செலுத்துதல் வேண்டும். பசை குழலுக்குள் புகாதிருக்க அதன் வாயை உருளைக்கிழங்குத் துண்டிலே அழுத்தி அடைக்கலாம். நுவரெலியா மாவட்டத்தில் அதற்கா பஞ்சம்!

நிற்க. ஆடி மாதத்து மூடுபனியை நாம் கணக்கிலெடுக்கவில்லை. வெப்பம் 10 பாகை குறைந்தால் எப்பொக்சி இறுகும் காலம் ஏறக்குறைய இருமடங்காகும். நாமோ காலையில் வர்ணம் பூசி, மாலையில் ஒட்டி, மறுநாள் விடியலிற் கடைசல் இயந்திரத்தில் ஏற்றினோம். உளி பட்டதும் குழல் அசைந்தது. ஈரம் உலராத வர்ணம் சுவரைவிட்டு உரிந்து, தேமல்போலத் திட்டுத்திட்டாகத் தெரிந்தது. கட்டை குப்பைக்குப் போயிற்று. அவள் புறப்பட ஆறு நாட்களே இருந்தன.

இரண்டாவது கட்டையில் வர்ணத்துக்கு இரண்டு நாள், பசைக்கு இரண்டு நாள் விட்டோம். வர்ண வாடை முற்றாக நீங்கியபின், அடுப்பங்கரைத் தட்டிலே அது வீற்றிருந்தது. இல்லாள் முகஞ்சுளித்ததை இங்கே விரிப்பானேன்? ஐந்தாம் நாள் கடைந்து, நீர் தொட்டுத் தேய்த்து, மெருகேற்றினோம்.

ஹற்றன் புகையிரத நிலையத்தில் அவள் பேனாவை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். நீலந்தான் தெரிந்தது.

"இதற்குள்ளே என்ன சேர் இருக்கின்றது?" என்றாள்.

அதற்குள் வண்டி வந்துவிட்டது. பதிலைக் கடிதத்தில் எழுத நேர்ந்தது.