தட்டைக் கரையில் படகு இறக்குதல்

படகொன்று கடலில் இறங்குவதைக் காண்போர் பெரும்பாலும் அதில் ஏறிச் செல்வோரையே நோக்குவர். ஆனால், கரை தட்டையாகவும் வற்றுப்பெருக்கு மிகுந்தும் உள்ள இடங்களிற் படகின் கதி கரையில் நிற்போரிடமே பெரிதும் தங்கியுள்ளது. லிவர்ப்பூல் நகருக்கு அண்மையிலுள்ள ஹொய்லேக் கரை இதனை நன்கு விளக்கும். அங்கே 1803 ஆம் ஆண்டிலேயே உயிர்மீட்புப் படகு நிலையம் அமைக்கப்பட்டது.

அக்கடலில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையேயுள்ள வேறுபாடு சில நாட்களில் 9 மீற்றரை எட்டும். கரையின் சரிவோ மிகச் சிறிது. ஆகவே வற்று வேளையிற் கடல் நெடுந்தூரம் பின்வாங்கி மணல்வெளியை விட்டுச் செல்லும். படகைச் சக்கர வண்டியில் ஏற்றி, அம்மணலைக் கடந்து, நீருக்குள்ளும் செலுத்துதல் வேண்டும். போதிய ஆழம் வருமுன் விடுவித்தால், அலை படகைத் தூக்கி மணலில் மோதும். பக்கவாட்டிற் திருப்பிக் கவிழ்க்கவுங் கூடும். எனவே அணியம் அலைக்கு நேராக நிற்கும் வேளை பார்த்தே விடுவிப்பர்.

முற்காலத்திற் குதிரைகளும் ஊராரும் இவ்வண்டிகளை இழுத்தனர். 1920 இல் ஹன்ஸ்ரன்ரன் கரையில் உழவு யந்திரம் பரீட்சிக்கப்பட்டது. எனினும் எல்லாக் கரைகளுக்கும் அது உடனே கிட்டவில்லை.

தென்கரையிலுள்ள றை துறைமுகச் சிற்றூரில், 1928 நவம்பர் 15 அதிகாலை, கடும்புயலின் நடுவே, வற்று வேளையில், ஊரார் 'மேரி ஸ்ரான்போட்' என்னும் படகை இழுத்துச் சென்றனர். மூன்றாம் முயற்சியிலேயே அது மிதந்தது. சிறிது நேரத்தில், ஆபத்துக்குள்ளான கப்பலின் மாலுமிகளை வேறொரு கப்பல் மீட்டுவிட்டதென்ற செய்தி கரைக்கு எட்டியது. திரும்பி வருமாறு எழுப்பிய ஒளிச் சைகையைப் படகிலிருந்தோர் காணவில்லை. பின்னர் துறைமுக வாயிலிற் படகு கவிழ்ந்து பதினேழு பேரும் மாண்டனர். தந்தையொருவரும் அவர் மைந்தர் இருவரும் அவருள் அடங்குவர்.

படகைக் கரைக்கு மீட்பதும் எளிதன்று. அலை பின்னின்று துரத்தி வரும். இன்றைய ஷானன் வகைப் படகு ஏறத்தாழ 18 தொன் நிறையுடையது. அது நீர்த்தாரையால் இயங்குவதால், அணியத்தை முன்வைத்து நேரே மணலில் ஏறி நிற்கும். வண்டி அதனை இழுத்தேற்றி, தன் மேற்றட்டைச் சுழற்றி, மீண்டும் கடலை நோக்க வைக்கும். அடுத்த அழைப்புக்குப் படகு ஆயத்தமாகிவிடும்.

இன்று படகுக்கும் கரைக்குமிடையே வானொலித் தொடர்பு உண்டு. ஆயினும் படகு திரும்பும்வரை கரைக்குழுவினர் வீடு செல்வதில்லை. நீர்விளிம்பு இடம்மாறிக்கொண்டே இருக்கும். வண்டியும் அதனுடன் நகர வேண்டும்.