எட்டசைச் சொல் ஒன்று

இதயத் துடிப்பின் மின்னலைகளைக் கோடாக வரைந்து காட்டும் இ.சி.ஜி. தாளை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். இம்முறையை வகுத்த ஐந்தோவன் 1924-இல் நோபல் பரிசு பெற்றார். இதற்குரிய பெயரடை 'எலெக்ட்ரோகார்டியோகிராஃபிக்'.

சிதம்பரத்தில் 1985-இல் தொடங்கி, இன்று அரசு மருத்துவக் கல்லூரியாக விளங்கும் இடத்தில் சேர வேண்டும் என்பது கடலூர் மாணவியர் பலரின் ஆசை. தமிழ் வழியில் படித்த நாம் இத்தகைய சொல்லைக் கண்டதும் மிரண்டுவிடுகிறோம். பகுபதம் பிரிக்கத் தெரிந்த நமக்கு என்ன அச்சம்?

'எலெக்ட்ரான்' என்றால் கிரேக்க மொழியில் அம்பர் என்னும் பிசின். அதைத் தேய்த்தால் துரும்பை இழுக்கும். மின்சாரத்துக்குப் பெயர் வந்த கதை அதுதான். 'கார்டியா' இதயம். 'கிராஃப்' எழுதுதல். இடையில் வரும் ஓகாரங்கள் நம் சாரியை போன்றவை. தனிப் பொருள் இல்லை. 'இக்' விகுதி.

இடறல் உச்சரிப்பில்தான். நாம் எல்லா அசைகளையும் ஏறக்குறையச் சமமாக ஒலிக்கிறோம். ஆங்கிலத்திலோ ஓர் அசை ஓங்கி நிற்கும். கருவியின் பெயரான 'எலெக்ட்ரோகார்டியோகிராஃப்' என்பதில் 'கார்' ஓங்கும். 'இக்' சேர்ந்ததும் அழுத்தம் அதற்கு முந்திய 'கிரா'வுக்குத் தாவிவிடும். 'போட்டோகிராஃப்', 'போட்டோகிராஃபிக்' இரண்டையும் சொல்லிப் பாருங்கள். விலக்குகளும் உண்டு, நமக்கு நெருங்கிய 'கத்தோலிக்' என்ற சொல்லே ஆங்கிலத்தில் முதலசையில்தான் ஓங்குகிறது!

மூளையின் மின்னலைகளுக்குரிய 'எலெக்ட்ரோஎன்செஃபலோகிராஃபிக்' ஒன்பது அசை. அங்கும் ஓங்குவது 'கிரா'தான்.