காணாமற்போன காரும் காப்புறுதியும்

காலை மணி ஏழு. கிள்ளானில் ஒரு கடைத்தெரு. பிள்ளைகளுக்குத் தோசை வாங்க வந்த ஒருவர், காரைக் கடை வாசலில் நிறுத்துகிறார். இரண்டே நிமிட வேலைதான் என்று எண்ணி, இயந்திரத்தை நிறுத்தாமலே இறங்கிச் செல்கிறார். பொட்டலத்துடன் அவர் திரும்பி வரும்போது, கார் நின்ற இடம் வெறுமையாக இருக்கிறது. அவர் இடிந்துபோய் நிற்கிறார். சுற்றிக் கூடியவர்களில் ஒருவர் அருகில் வந்து, “காரைப் பூட்டிவிட்டுச் சாவியைச் சட்டைப் பையில் வைத்திருந்ததாகப் புகார் கொடுங்கள், அண்ணே. நடந்ததைச் சொன்னால் காப்புறுதிப் பணம் கிடைக்காது,” என்று மெல்லிய குரலில் சொல்கிறார்.

இது ஒரு கற்பனைக் காட்சிதான். ஆயினும், கார் களவு போன எவருக்கும் இத்தகைய குழப்பம் ஏற்படலாம். யாரிடம் முதலில் சொல்வது? காப்புறுதி நிறுவனம் எவ்வளவு பணம் தரும்? வங்கிக் கடன் என்ன ஆகும்? எல்லாவற்றுக்கும் மேலாக, காவல் நிலையத்தில் எதைச் சொல்வது? இக்கேள்விகளுக்கு விடை காண, காப்புறுதி எவ்வாறு செயல்படுகிறது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

எல்லாக் காப்புறுதியும் ஒன்றல்ல

மலேசியாவில் காப்புறுதி இல்லாமல் வாகனத்தைச் சாலையில் ஓட்ட முடியாது. 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியுள்ளது. காப்புறுதி எடுத்தால்தான் சாலை வரியையும் புதுப்பிக்க இயலும். ஆனால், சட்டம் கேட்பது ஒரு குறைந்த அளவுப் பாதுகாப்பை மட்டுமே. விபத்தில் மற்றவருக்கு ஏற்படும் உயிரிழப்புக்கும் காயத்துக்கும் ஈடு செய்வதே அதன் நோக்கம். உரிமையாளரின் சொந்தக் கார் களவு போனால் அது உதவாது.

பொதுவாக மக்கள் எடுக்கும் காப்புறுதியை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதலாவது, மூன்றாம் தரப்புக் காப்புறுதி. இது பிறருக்கு ஏற்படும் காயத்துக்கும் பிறருடைய உடைமைக்கு ஏற்படும் சேதத்துக்கும் ஈடு செய்யும். இரண்டாவது, மூன்றாம் தரப்புக் காப்புறுதியுடன் தீயும் திருட்டும் சேர்ந்தது. மூன்றாவது, முழுமைக் காப்புறுதி. இது திருட்டு, தீ ஆகியவற்றுடன் விபத்தில் சொந்தக் காருக்கு ஏற்படும் சேதத்தையும் உள்ளடக்கும். ஆகவே, கார் களவு போனால் இழப்பீடு கோரும் உரிமை பின்னைய இரு வகையினருக்கே உண்டு. சந்தாப் பணத்தை மிச்சப்படுத்த எண்ணி மூன்றாம் தரப்புக் காப்புறுதியை மட்டும் எடுத்தவர், திருட்டின் முழுச் சுமையையும் தாமே தாங்க வேண்டியிருக்கும்.

முதல் நாளில் செய்ய வேண்டியவை

கார் நின்ற இடத்தில் இல்லை என்றதும் பதற்றம் ஏற்படுவது இயல்பு. ஆயினும், அது உண்மையிலேயே களவு போயிருக்கிறதா என்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும். தவறான இடத்தில் நிறுத்தியதால் ஊராட்சி மன்றத்தினர் காரை இழுத்துச் சென்றிருக்கலாம். தவணை நிலுவை இருந்தால் வங்கி அதைக் கைப்பற்றியிருக்கலாம். வீட்டில் உள்ள வேறு யாரேனும் எடுத்துச் சென்றிருக்கவும் கூடும்.

களவு போனது உறுதியானால், தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்தில் புகார் செய்ய வேண்டும். முடிந்தவரை அன்றே, 24 மணி நேரத்திற்குள் புகார் செய்வது நல்லது. காரின் பதிவு எண், வகை, நிறம், இயந்திர எண், அடிச்சட்ட எண், கடைசியாக நிறுத்திய இடம், நேரம் ஆகியவற்றைத் தெளிவாகக் குறிப்பிட வேண்டும். வாகன உரிமைப் பத்திரத்தின் நகலை வீட்டிலும் கைப்பேசியிலும் வைத்திருப்பவருக்கு இவ்விவரங்கள் உடனே கிடைக்கும். பத்திரத்தைக் காரிலேயே வைத்திருப்பவர் அதையும் சேர்த்தே இழப்பார்.

புகாரின் நகலைப் பெற்றவுடன் காப்புறுதி நிறுவனத்திற்குத் தெரிவிக்க வேண்டும். காருக்கு வங்கிக் கடன் இருந்தால் வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும். காரில் அடையாள அட்டை, வங்கி அட்டை, சுங்கச்சாவடி அட்டை முதலியவை இருந்தால், அவற்றையும் உடனே முடக்க வேண்டும். காரில் இருந்த மடிக்கணினி, பணப்பை போன்ற சொந்தப் பொருள்களுக்குப் பொதுவாக வாகனக் காப்புறுதி ஈடு தராது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

நிறுவனம் எதை ஆராயும்?

இழப்பீடு கோருபவர், கோரிக்கைப் படிவத்தை நிரப்பிப் பல ஆவணங்களை இணைக்க வேண்டும். காவல் நிலையப் புகார், அடையாள அட்டை, ஓட்டுநர் உரிமம், வாகன உரிமைப் பத்திரம், கடன் கணக்கு அறிக்கை ஆகியவை அவற்றுள் அடங்கும். காரின் சாவிகள் அனைத்தையும் நிறுவனம் கேட்கும். கார் வாங்கும்போது கொடுக்கப்பட்ட இரண்டு சாவிகளில் ஒன்று மட்டுமே இருந்தால், மற்றொன்று எங்கே என்ற கேள்வி எழும்.

அதன்பின், இழப்பு ஆய்வாளர் ஒருவர் உரிமையாளரைச் சந்தித்து வாக்குமூலம் பெறலாம். சம்பவ இடத்திற்கும் செல்லலாம். கடை வாசலில் உள்ள கண்காணிப்புக் கேமராவின் பதிவையும் பார்க்கலாம். புகாரில் சொன்னதும் படிவத்தில் எழுதியதும் நேரில் கூறியதும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்பதே அவரது முதல் கேள்வியாக இருக்கும்.

கார் எவ்வாறு பயன்படுத்தப்பட்டது என்பதும் ஆராயப்படும். சொந்தப் பயன்பாட்டுக்கு என்று காப்புறுதி எடுத்துவிட்டு, நிறுவனத்திற்குத் தெரிவிக்காமல் மின்-அழைப்பு வாடகைச் சேவையில் பயணிகளை ஏற்றிச் சென்றிருந்தால், கோரிக்கை மறுக்கப்படலாம். காரை ஒருவரிடம் நம்பி ஒப்படைத்து, அவர் அதைத் திருப்பித் தராமல் ஏமாற்றினால் அதுவும் வேறு கதை. சட்டப்படி அது நம்பிக்கை மோசடி அல்லது ஏமாற்று வேலை எனக் கருதப்படும். வழக்கமான வாகனக் காப்புறுதிகள் அத்தகைய இழப்பை ஏற்பதில்லை.

காத்திருக்கும் காலம்

இழப்பீடு ஓரிரு நாளில் கிடைத்துவிடாது. காவல்துறையின் புலனாய்வுக்கும் நிறுவனத்தின் ஆய்வுக்கும் காலம் தேவை. இதற்கு ஆறு மாதம் வரையிலும் ஆகலாம். அக்காலத்தில் கார் மீண்டும் கிடைக்கவும் வாய்ப்புண்டு. இழப்பீடு கொடுக்கப்படும் முன்னரே கார் கிடைத்தால், அது உரிமையாளரிடமே திரும்பும். சேதம் இருந்தால் காப்புறுதியின் வகைக்கும் நிபந்தனைக்கும் ஏற்பப் பழுதுபார்க்கும் செலவு ஏற்கப்படும். முழு இழப்பீடு கொடுக்கப்பட்ட பின் கார் கிடைத்தால், அது காப்புறுதி நிறுவனத்திற்கே உரியது.

பலரும் அறியாத உண்மை ஒன்று உண்டு. கார் கையில் இல்லாவிட்டாலும், கடன் தவணையைத் தொடர்ந்து செலுத்த வேண்டும். வங்கியுடன் செய்த ஒப்பந்தம் வேறு. காப்புறுதி ஒப்பந்தம் வேறு. மாதத் தவணை 700 ரிங்கிட் என்றால், ஆறு மாதத்தில் 4,200 ரிங்கிட் செலுத்த வேண்டிவரும். அதோடு வேலைக்கும் பள்ளிக்கும் செல்லும் போக்குவரத்துச் செலவும் சேரும். தவணையை நிறுத்திவிட்டால் தாமதக் கட்டணம் ஏறும். கடன் பதிவும் பாதிக்கப்படும். செலுத்த இயலாத நிலை ஏற்பட்டால், வங்கியை நேரில் அணுகிப் பேசுவதே சிறந்தது.

எவ்வளவு பணம் கிடைக்கும்?

கார் வாங்கிய விலை அப்படியே கிடைக்கும் என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. சந்தை மதிப்பின் அடிப்படையில் காப்புறுதி எடுத்திருந்தால், களவு போன நேரத்தில் அந்தக் காருக்கு இருந்த சந்தை மதிப்பும் காப்புறுதித் தொகையும் ஒப்பிடப்படும். அவற்றுள் எது குறைவோ அதுவே கிடைக்கும். ஒரு கார் 40,000 ரிங்கிட்டுக்குக் காப்புறுதி செய்யப்பட்டு, களவு போனபோது அதன் சந்தை மதிப்பு 35,000 ரிங்கிட்டாக இருந்தால், 35,000 ரிங்கிட்தான் கிடைக்கும். மாறாக, முன்கூட்டியே உடன்பட்ட மதிப்புக்குக் காப்புறுதி எடுத்திருந்தால், அந்தத் தொகையே வழங்கப்படும்.

இப்பணம் முதலில் செல்வது வங்கிக்கே. மேற்கண்ட எடுத்துக்காட்டில் கடன் பாக்கி 22,000 ரிங்கிட் என்றால், அத்தொகையை வங்கி பெற்றுக்கொள்ளும். மீதமுள்ள 13,000 ரிங்கிட் உரிமையாளரைச் சேரும். கடன் பாக்கி 38,000 ரிங்கிட்டாக இருந்தால், குறையும் 3,000 ரிங்கிட்டை உரிமையாளரே தம் கையிலிருந்து செலுத்த வேண்டும். இல்லாத காருக்குக் கடன் கட்டும் நிலை இப்படித்தான் ஏற்படுகிறது.

இன்னோர் இழப்பும் உண்டு. ஓராண்டு இழப்பீடு கோராத தனியார் கார் உரிமையாளருக்கு, மறு ஆண்டுச் சந்தாவில் 25 விழுக்காடு கழிவு கிடைக்கும். இக்கழிவு ஆண்டுதோறும் உயர்ந்து, ஐந்து ஆண்டுகளில் 55 விழுக்காட்டை எட்டும். திருட்டுக்கு இழப்பீடு பெற்றால் அது மீண்டும் சுழியத்திற்குத் திரும்பிவிடும். முழுச் சந்தா 1,500 ரிங்கிட் என்றால், 55 விழுக்காட்டுக் கழிவு உள்ளவர் 675 ரிங்கிட் செலுத்தினால் போதும். கழிவை இழந்தவர் 1,500 ரிங்கிட்டையும் செலுத்த வேண்டும்.

கோரிக்கை மறுக்கப்பட்டால்

நிறுவனம் கோரிக்கையை மறுத்துவிட்டால், எல்லாம் முடிந்துவிட்டது என்று எண்ண வேண்டியதில்லை. மறுப்புக்கான காரணத்தை எழுத்து வடிவில் கேட்டுப் பெற வேண்டும். பின், அந்நிறுவனத்தின் புகார்ப் பிரிவில் முறையிட வேண்டும். அங்கும் தீர்வு கிடைக்காவிட்டால், நிதிச் சந்தை ஒம்புட்ஸ்மன் சேவையை நாடலாம். 2025ஆம் ஆண்டு ஜனவரி முதல் செயல்படும் இந்த அமைப்பு, நிதி நிறுவனங்களுக்கும் வாடிக்கையாளருக்கும் இடையே எழும் பிணக்குகளை விசாரித்துத் தீர்வு காண்கிறது. பொதுமக்கள் இதற்குக் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. எழுத்தில் உள்ள சான்றுகளே அங்குப் பேசும். எனவே, கடிதங்கள், மின்னஞ்சல்கள், தொலைபேசியில் பேசிய நாள், பேசிய அதிகாரியின் பெயர் ஆகியவற்றை ஒரு கோப்பில் ஒழுங்காகச் சேர்த்து வைக்க வேண்டும்.

கடை வாசலில் எழுந்த கேள்வி

இப்போது தோசைக் கடை வாசலுக்குத் திரும்பலாம். சாவி காரிலேயே இருந்தது என்ற உண்மையை அந்தத் தந்தை சொல்ல வேண்டுமா?

உண்மையைச் சொன்னால் பணம் உறுதியாகக் கிடைக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. காரைப் பாதுகாக்கத் தக்க முன்னெச்சரிக்கை எடுக்க வேண்டும் என்பது காப்புறுதியின் நிபந்தனைகளுள் ஒன்று. அவருடைய கவனக்குறைவைக் காரணம் காட்டி நிறுவனம் கோரிக்கையை மறுக்கக் கூடும். பாதிக்கப்பட்ட குடும்பத்திற்கு அது பேரிழப்புதான்.

ஆனால், பொய் சொன்னால் நிலைமை இன்னும் மோசமாகும். சட்டைப் பையில் இருந்ததாகச் சொன்ன சாவியை நிறுவனம் கேட்கும்போது, அவர் எதைக் கொடுப்பார்? கேமராப் பதிவு வேறொன்றைக் காட்டினால் என்ன சொல்வார்? பொய் வெளிப்பட்டால், கோரிக்கை முழுவதும் தள்ளுபடியாகும். அதுமட்டுமன்று. அரசு ஊழியரிடம் தெரிந்தே பொய்த் தகவல் கொடுப்பது, குற்றவியல் சட்டம் 182ஆம் பிரிவின்கீழ் குற்றமாகும். அதுவரை திருட்டுக்கு ஆளானவராக இருந்தவர், தாமே குற்றவாளிக் கூண்டில் நிற்க நேரிடும். மேலும், பொய்த் தகவல் காவல்துறையின் தேடலையும் திசை திருப்பிவிடும்.

உண்மையைச் சொன்னவருக்கோ வழி முற்றிலும் அடைபடுவதில்லை. நடந்தவற்றை விளக்கவும், முடிவை மறுபரிசீலனை செய்யக் கோரவும், ஒம்புட்ஸ்மனிடம் முறையிடவும் அவரால் முடியும். காவல்துறையும் சரியான தகவலைக் கொண்டு தேடலைத் தொடரும். பணத்தை இழந்தாலும் அவர் தம் நற்பெயரை இழக்க மாட்டார்.

காப்புறுதி என்பது பலர் சேர்ந்து சுமக்கும் ஒரு பொதுச் சுமை. ஆயிரக்கணக்கானோர் செலுத்தும் சந்தாவிலிருந்துதான் ஒருவரின் இழப்புக்கு ஈடு தரப்படுகிறது. ஒருவர் பொய் சொல்லிப் பெறும் பணம், மற்றவர்கள் உழைத்துச் செலுத்திய பணமே. நம்பிக்கைதான் இந்த ஏற்பாட்டைத் தாங்கி நிற்கிறது.

வருமுன் காப்பதே அறிவுடைமை. இரண்டு நிமிட வேலையானாலும் இயந்திரத்தை நிறுத்தி, காரைப் பூட்டி, சாவியைக் கையில் எடுத்துச் செல்ல வேண்டும். ஆண்டுதோறும் காப்புறுதியைப் புதுப்பிக்கும்போது, அதன் வகையையும் தொகையையும் நிபந்தனைகளையும் படித்துப் பார்க்க வேண்டும். அப்பத்திரத்தைப் படிக்கப் பத்து நிமிடம் போதும். அதைச் செய்தவர், இழப்பு நேரும் நாளில் பிறர் சொல்லைக் கேட்டுத் தடுமாற மாட்டார்; எங்கே செல்ல வேண்டும், எதைச் சொல்ல வேண்டும் என்பதை அறிந்திருப்பார்.