உயிர்வேலி நிழலில் காய்கறி வளர்த்தல்

உயிர்வேலி என்பது கல், கம்பி ஆகியவற்றுக்குப் பதிலாகச் செடிகளையும் சிறு மரங்களையும் நெருக்கமாக நட்டு வளர்க்கும் வேலி ஆகும். இவ்வேலியின் ஓரத்தில் விழும் மென்னிழலில் கீரை, காய்கறி, பழம் ஆகியவற்றைப் பயிரிடலாம். குளிர்நாடுகளில் வேலி நிழல் பெரும்பாலும் இழப்பாகவே கருதப்படுகிறது. வெயில் மிகுந்த தமிழகக் கடற்கரையில் அதே நிழல் பயன் தரும். ஆனால் நிழல் எந்தப் பக்கம், எந்த நேரத்தில் விழுகிறது என்பதை அறிந்து பாத்தி அமைக்க வேண்டும். புதுச்சேரி நகரின் வடபகுதியில் உள்ள மீனவர் குடியிருப்பான வைத்திக்குப்பத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இது கீழே விளக்கப்படுகிறது.

மரபில் உயிர்வேலி

கொங்கு நாட்டின் கொறங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலங்களுக்கு முள்கிளுவை வேலியாக உள்ளது. யாழ்ப்பாணத்தில் பூவரசு, கிளுவை, முள்முருக்கு ஆகியவை வேலிமரங்கள். அங்கு பூவரசங்குழையை வெட்டித் தோட்ட நிலத்துக்கு உரமாக இடுவது வழக்கம்.

நிழலைத் திட்டமிட்டுப் பயன்படுத்தியதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு வெற்றிலைக் கொடிக்கால் ஆகும். அங்கு முதலில் அகத்தியை வரிசையாக விதைப்பர். அது வளர்ந்த பின் வெற்றிலைக் கொடியை நட்டு அதன் மேல் படரவிடுவர். அகத்தி கொழுகொம்பாகவும் நிழலாகவும் பயன்படுகிறது. கிளைகளை அவ்வப்போது கழித்து, கொடிக்கு வேண்டிய அளவு வெயிலை உள்ளே விடுவர். நீர், உரம் போல நிழலையும் அளந்து கொடுக்கலாம் என்பதை இம்முறை காட்டுகிறது.

நிழல் விழும் திசை

புதுச்சேரி ஏறக்குறைய 12 பாகை வட அகலாங்கில் உள்ளது. ஏப்ரல் 21, ஆகஸ்ட் 21 ஆகிய நாட்களை ஒட்டி நண்பகலில் சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்கும். இவ்விரு நாட்களுக்கு இடைப்பட்ட காலத்தில் அது சற்று வடக்கே இருக்கும். எஞ்சிய மாதங்களில் தெற்கே இருக்கும்.

கிழக்கு மேற்காக ஓடும் 2 மீட்டர் உயர வேலியை எடுத்துக்கொள்வோம். டிசம்பர் நண்பகலில் அதன் நிழல் வடபுறம் ஏறக்குறைய 1.4 மீட்டர் நீளும். ஜூன் நண்பகலில் தென்புறம் 40 செ.மீ. அளவே விழும். அதாவது, நிழல் மிகவும் வேண்டிய கோடையில் இவ்வேலி அதிகம் உதவாது.

வடக்கு தெற்காக ஓடும் வேலி வேறுவிதமானது. அதன் கிழக்குப் பக்கத்துப் பாத்திக்குக் காலை வெயில் முழுவதும் கிடைக்கும். பிற்பகலில் நிழல் வந்துவிடும். மே மாதத்தில் பிற்பகல் 3 மணிக்கு 2 மீட்டர் வேலியின் நிழல் 2 மீட்டருக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். செடியை வாட்டுவது பெரும்பாலும் பிற்பகல் வெயில் என்பதால், கோடைக்கு இதுவே ஏற்ற இடம்.

கடற்காற்றும் வேலியும்

வைத்திக்குப்பத்தில் கடல் கிழக்கே உள்ளது. கடலிலிருந்து வரும் காற்று உப்பைக் கொண்டுவந்து இளந்தளிர்களைக் கருக்கும். எனவே அங்கு கிழக்கு வேலி காற்றுக்காக, மேற்கு வேலி வெயிலுக்காக என்று கொள்ளலாம்.

காற்றைத் தடுக்க மதிலைவிட வேலியே நல்லது. மதிலில் மோதும் காற்று மேலெழும்பி மறுபுறம் சுழன்று இறங்கும். பாதியளவு காற்றை உள்ளே விடும் வேலியோ, தன் உயரத்தைப் போல 10 மடங்குத் தொலைவு வரை காற்றின் வேகத்தைக் குறைக்கும். உப்பைத் தாங்கும் பூவரசும், ஆடு மேயாத நொச்சியும் இதற்கு ஏற்றவை.

ஏற்ற பயிர்கள்

நிழலின் அளவை அறிய எளிய சோதனை உண்டு. நண்பகலில் பாத்தியின் மேல் கையை நீட்டிப் பார்க்க வேண்டும். கையின் நிழல் கூர்மையாகத் தெரிந்தால் அது வெயில், மங்கலாகத் தெரிந்தால் மென்னிழல், தெரியாவிட்டால் அடர்நிழல்.

மென்னிழலில் பொன்னாங்கண்ணி, வல்லாரை, மணத்தக்காளி, கொடிப்பசலை, புதினா, கொத்தமல்லி, இஞ்சி, மஞ்சள், சேப்பங்கிழங்கு, அன்னாசி ஆகியவை வளரும். தக்காளிக்கும் மிளகாய்க்கும் காலை வெயிலும் பிற்பகல் நிழலும் கோடையில் உதவும். வெண்டை, கத்தரி, பூசணி, முருங்கை ஆகியவற்றுக்கு 6 மணி நேரத்துக்குக் குறையாத நேர் வெயில் வேண்டும் என்பதால் அவற்றை வேலியிலிருந்து தள்ளி நட வேண்டும்.

வேலியே உணவு தருவதும் உண்டு. களா, கொடுக்காப்புளி ஆகிய வேலிச்செடிகள் பழம் தருகின்றன. கோவை, பிரண்டை, முடக்கத்தான், தூதுவளை ஆகியவை வேலியில் படர்ந்து வளரும்.

வேர்ப்போட்டி

வேலியோரப் பயிர் வாடினால் நிழலை மட்டும் காரணமாகக் கருதக்கூடாது. பல இடங்களில் வேலியின் வேர்கள் நீரையும் சத்தையும் உறிஞ்சிவிடுவதே காரணமாக இருக்கும். கடற்கரை மணல் நீரைத் தேக்காது என்பதால் அங்கு இச்சிக்கல் மிகுதி. இதைக் குறைக்கும் வழிகள்:

1. வேலிக்கும் பாத்திக்கும் இடையே 60 செ.மீ. முதல் 1 மீட்டர் வரை இடைவெளி விடுதல்.
2. அந்த இடைவெளியில் ஆண்டுக்கு ஒருமுறை 45 செ.மீ. ஆழத்துக்குப் பள்ளம் எடுத்து, பக்க வேர்களை வெட்டிவிடுதல்.
3. பாத்தியில் தொழுவுரம் கலந்து, வெட்டிய தழையை மூடாக்காகப் பரப்புதல்.

அகத்தி, கிளிரிசிடியா போன்றவை வேர்முடிச்சுகளால் காற்றிலுள்ள நைட்ரசனைச் சேர்ப்பதால் அவற்றின் தழை நல்ல உரமாகும். சீமைக்கருவேல் நீரை மிகுதியாக உறிஞ்சுவதால் காய்கறித் தோட்ட வேலிக்கு ஏற்றதன்று. அரளியின் எல்லாப் பகுதிகளும் நஞ்சு. அதன் அடியில் கீரை வளர்த்தால் உதிர்ந்த இலை கீரையோடு கலந்துவிடக்கூடும். கள்ளிப்பால் கண்ணில் பட்டால் பார்வையைப் பாதிக்கும். பிள்ளைகள் நடமாடும் வீடுகளில் இவ்விரண்டையும் தவிர்ப்பது நல்லது.

கவாத்து செய்யும் காலம்

புதுச்சேரியில் ஆண்டு மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. அப்போது வானம் மூடியிருப்பதால் பயிருக்கு ஒளி குறையும். புயற்காற்றில் கிளை முறியும் ஆபத்தும் உண்டு. ஆகவே புரட்டாசியில் வேலியை நன்கு கழித்துவிட வேண்டும். பங்குனி முதல் கத்திரி வெயில் முடியும் வரை பெரிய அளவில் கவாத்து செய்யக்கூடாது.

வேலிக்கு இடமில்லாத நெருக்கமான தெருக்களிலும் இதே முறையைப் பின்பற்றலாம். மாடியின் மேற்கு ஓரத்தில் கோவைக்கொடியைப் பந்தலில் ஏற்றி, அதன் கிழக்கே தொட்டிகளை வைத்தால் கீரைக்கு வேண்டிய பிற்பகல் நிழல் கிடைக்கும். இன்று வேலி இருந்த இடங்களில் சுற்றுச்சுவர் எழுப்பி, பின்னர் நிழலுக்காகப் பச்சை வலையை விலைக்கு வாங்குகின்றனர். உயிர்வேலி நிழலோடு தழையும் உணவும் சேர்த்துத் தருகிறது.