ஆடி ஒன்றுக்கு முந்தின ராத்திரி

பாதி இறக்கியிருந்த ஷட்டருக்கு அடியில் குனிந்து உள்ளே போனபோது எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. இருபது வருடமாக ஆடிக்கு ஆடி நான் முண்டியடித்து நுழையும் அதே தி.நகர் ஜவுளிக்கடைதான். ஆனால் கூட்டமில்லாமல், பாட்டு ஓடாமல், ராத்திரி பத்தரை மணிக்கு அதைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. விடிந்தால் ஆடி ஒன்று!

“செருப்பை அங்கேயே விட்டுட்டு வாங்கம்மா. தரையெல்லாம் துணி” என்றார் சேலை செக்‌ஷன் அண்ணன். எத்தனையோ வருடம் கெஞ்சி வாங்கிய அனுமதி இது.

அடேயப்பா! அலமாரிகள் எல்லாம் காலி. பகலில் கண்ணாடிக்குள் அடுக்கி இருந்த சேலைகள் முழங்கால் உயரத்துக்குக் குவிந்து கிடந்தன. நடுவில் வட்டம் வட்டமாக விற்பனைப் பெண்கள் உட்கார்ந்து ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். டிக், டிக், டிக் என்று விலை ஒட்டும் மெஷின் சத்தம் மாடி முழுக்க. நாளைக்கு நான் கையில் எடுத்துப் பார்க்கப்போகும் விலை என் கண் முன்னாலேயே பிறக்கிறது!

ஆடியில் ஏன் தள்ளுபடி என்று நமக்கெல்லாம் தெரியும். கல்யாணம் கிடையாது, கிராமத்தில் காசு விதைப்புக்குப் போய்விடும், கடையில் ஈ ஆடும். அண்ணன் சொன்னது இன்னொரு காரணம். தீபாவளிச் சரக்கு வந்து இறங்கும் முன் குடோன் காலியாக வேண்டும். “இந்த ரேக்குல இந்தச் சேலை உட்கார்ந்திருக்கற ஒவ்வொரு நாளும் முதலாளி பணம் அதுக்குள்ள தூங்குதும்மா. எழுப்பணும்.” பாதி விலைக்குக் கொடுத்தாவது அந்தப் பணத்தை எழுப்பி, புதுச் சரக்கில் போடுவதுதான் கணக்கு.

அப்புறம்தான் அந்த ரகசியத்தைக் காட்டினார். விலைச் சீட்டின் மூலையில் பொடி எழுத்தில் நாலு எழுத்து. இருபது வருடமாகப் பார்த்திருக்கிறேன், என்னவென்று தெரியாது. அது கடை கொடுத்து வாங்கிய விலை! ஓர் எழுத்துக்கூடத் திரும்ப வராத பத்தெழுத்துச் சொல் ஒன்றைக் கடைக்காரர் மனதில் வைத்துக்கொள்கிறார். முதல் எழுத்து 1, இரண்டாவது 2, பத்தாவது 0. அந்த எழுத்துகளாலேயே அடக்க விலையை எழுதிவிடுவது வியாபாரிகளின் பழைய வழக்கம். சொல் என்ன என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆனால் நாலு எழுத்துக்குள் அந்தச் சேலையின் கதை முழுக்க இருக்கிறது என்று தெரிந்ததுமே எனக்குப் புல்லரித்துவிட்டது.

“சரி அண்ணே, அந்த ரகசிய எழுத்துப் புரியாதவங்க உண்மையான தள்ளுபடியை எப்படிக் கண்டுபிடிக்கறது?”

அவர் இரண்டு குவியலைக் காட்டினார். ஒன்று போன தீபாவளி, பொங்கலுக்கு வந்து நின்றுபோனவை. இன்னொன்று ஆடிக்கென்றே சூரத்திலிருந்து மூட்டையாக வந்து இறங்கியவை. நாளைக்கு இரண்டும் ஒரே பலகைக்குக் கீழே போய்ச் சேரும். நான் இத்தனை வருடம் இரண்டையும் ஒன்றாகத்தான் நினைத்தேன்.

“ஸ்டிக்கரை நகத்தால தடவிப் பாருங்க” என்றார். பழைய சரக்கில் சீட்டு தடிமனாக இருந்தது. ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டியது. புது மூட்டைச் சேலையில் ஒரே ஒரு ஸ்டிக்கர், அதிலேயே பெரிய விலையும் குறைத்த விலையும். அது நேற்றுவரை அந்தப் பெரிய விலைக்கு இந்தக் கடையில் விற்றதே இல்லை! வாங்கக்கூடாது என்றில்லை, தினம் உடுத்த நல்ல சேலைகள்தான். ஆனால் மிச்சம் பிடிக்க வந்தவருக்கு மிச்சம் இருப்பது தடித்த சீட்டில்.

பழசு என்றால் பழசுக்கான சோதனையும் உண்டு. பட்டாக இருந்தால் மடிப்பைப் பிரித்து வெளிச்சத்தில் பிடிக்க வேண்டும். நெடுநாள் ஒரே மடிப்பில் கிடந்த பட்டு அந்தக் கோட்டில்தான் விட்டுப்போகும். லெகிங்ஸ், உள்ளாடை இடுப்பு எலாஸ்டிக்கை இழுத்து, திரும்பிச் சுருங்குகிறதா என்று பார்க்க வேண்டும். கீழ்த்தளத்துச் செருப்புப் பிரிவு அண்ணன் சொன்னதுதான் எனக்குப் புதுச் செய்தி: பாலியூரித்தேன் அடிப்பாகம் போட்ட ஷூ, யாரும் போடாமல் பெட்டிக்குள் இருந்தாலே வருடக்கணக்கில் ஈரக்காற்றில் உளுத்துப் பொடிந்துவிடும். பாதி விலை ஷூவை வளைத்துப் பார்த்து, அடியில் கீறல் ஓடினால் வைத்துவிடுங்கள்.

பலகை எழுதுகிற தம்பி ‘50% + 20%’ என்று கொட்டை எழுத்தில் எழுதிக்கொண்டிருந்தான். எழுபது சதவீதம் என்று என் மனம் துள்ளியது. அவனே சிரித்துக்கொண்டு கணக்குப் போட்டுக் காட்டினான்: ஆயிரம் ஐந்நூறாகும், ஐந்நூறில் இருபது சதவீதம் நூறு, கொடுக்க வேண்டியது 400. ஆக, அறுபதுதான். இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்பது மூன்றில் ஒரு பங்குதான். அதுவும் மூன்றாவது உங்களுக்குத் தேவைப்பட்டால்.

ஸ்டிக்கர் ஒட்டிய அந்தப் பிள்ளைகளை விட்டுவிட்டு இதை எழுத மனமில்லை. பெரும்பாலும் நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்துப் பெண்கள். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டத்தைத் திருத்தினார்கள். கவுன்ட்டருக்குப் பின்னால் ஸ்டூல்கள் இருந்ததைப் பார்த்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. நாளைக்கு நாம் நாற்பது சேலையைப் பிரிக்கச் சொல்லும்போது, மடிக்கப்போவது இந்தக் கைகள்தான்.

கிளம்பும் நேரத்தில் பார்த்தேன் அதை. மயில்கழுத்து நிறம், நூல் சேலை, சன்னமான மாம்பழ மஞ்சள் கரை. பொங்கலுக்கு 1,450 ரூபாய் என்று நான் ஆசையாகத் தொட்டுவிட்டு வைத்த அதே சேலை! என் எதிரிலேயே ஒரு பெண் மூன்றாவது ஸ்டிக்கரை ஒட்டினாள். 1,450, அதன் மேல் 1,090, அதன் மேல் 725.

“அண்ணே, இதை மட்டும் எடுத்து வைங்களேன்!”

“அது மட்டும் முடியாதும்மா. காலையில முதல்ல வர்றவங்களுக்குத்தான்.”

தூக்கமே வரவில்லை. காலையில் மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கி, 2023இல் திறந்த நடைமேம்பாலத்தில் ஓட்டமும் நடையுமாக வந்து வரிசையில் ஒன்பதாவது ஆளாக நின்றேன். ஷட்டர் ஏறியது. படியேறினேன். குவியலுக்குள் இரண்டு கையையும் விட்டேன். மேலே இல்லை, நடுவில் இல்லை. ஆரஞ்சு, பச்சை, பொடிக்கட்டம்... அடியில், விரல் நுனியில் தடித்த சீட்டு ஒன்று தட்டுப்பட்டது. இழுத்தேன். மயில்கழுத்து!

பில்லை வாங்கியதும் கடைசி வரியைப் பார்த்தேன். எம்ஆர்பி என்றாலே வரி சேர்ந்த விலை. தள்ளுபடி விலைக்கு மேல் தனியாக வரி போடுவது தவறு என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2017இலேயே சொல்லிவிட்டது. இங்கே இரண்டு ஜிஎஸ்டி வரிகளும் தலா 17 ரூபாய் 26 காசு என்று உள்ளேயே அடங்கியிருந்தன. மொத்தம் 725.

பையை நீட்டிய செக்‌ஷன் அண்ணன் ரூபாய் நோட்டுகளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சொன்னார்: “ஆடிக்குப் போணி நீங்கதாம்மா.”