நோயை நோக்கும் இரு மரபுகள்: சீன மருத்துவமும் சித்த மருத்துவமும் – காஞ்சிபுர நெசவாளர் உடல்நோவை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

ஒரே உடல்நோவைச் சீன மரபு மருத்துவமும் சித்த மருத்துவமும் எவ்வெவ்வாறு நோக்குகின்றன என்பதைக் காஞ்சிபுரக் கைத்தறி நெசவாளரின் மூட்டு, முதுகு நோவை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. இரு மரபுகளுக்கும் இடையிலான ஒப்புமைகளைக் கொண்டு, ஒன்றிலிருந்து மற்றொன்று தோன்றியது என முடிவு கட்டுவதில் உள்ள இடர்ப்பாடும் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: சித்த மருத்துவம், சீன மருத்துவம், நாடி, வாதம், காஞ்சிபுரம், நெசவு.

முன்னுரை

காஞ்சிபுரத்துக்கும் சீனத்துக்கும் உள்ள தொடர்பு பழமையானது. ஏழாம் நூற்றாண்டில் முதலாம் நரசிம்மவர்மன் காலத்தில் யுவான் சுவாங் காஞ்சிக்கு வந்ததைப் பற்றிய குறிப்புகள் உள்ளன. இத்தொடர்பை அடிப்படையாகக் கொண்டு, காஞ்சியிலிருந்து சென்ற போதிதருமர் சீனருக்கு மருத்துவம் கற்பித்தார் என்ற கருத்து தமிழ்ச்சூழலில் பரவியுள்ளது. 2011இல் வெளிவந்த ‘ஏழாம் அறிவு’ திரைப்படம் இக்கருத்தை மேலும் பரப்பியது. இக்கருத்தைச் சான்றுகளோடு வைத்து நோக்குவது இரு மரபுகளையும் சரியாக அறிய உதவும்.

நோவு ஒன்று, நோக்கு இரண்டு

குழித்தறியில் அமரும் நெசவாளர் தரைமட்டத்துக்குக் கீழே கால்களைத் தொங்கவிட்டு மிதிகளை மிதிக்கிறார். நாள் முழுவதும் முதுகை வளைத்து ஓடத்தைச் செலுத்துகிறார். கழுத்து, இடுப்பு, முழங்கால் ஆகியவற்றில் தோன்றும் நோவு இத்தொழிலோடு ஒட்டியது. மழைக்காலத்தில் குழி ஈரம் கொள்ளும்.

இந்நோவைச் சீன மருத்துவம் ‘பி’ என்னும் வகைக்குள் அடக்கும். இதற்கென ‘ஹுவாங்தி நேய்ஜிங்’ என்னும் பழைய நூலில் தனி இயலே உண்டு. காற்று, குளிர், ஈரம் ஆகிய மூன்றும் கூடி உடலின் தடங்களுக்குள் புகுந்து, ‘ச்சி’ எனப்படும் உயிராற்றலும் குருதியும் ஓடுவதைத் தடுக்கின்றன என்பது அதன் விளக்கம். இடம் மாறும் நோவு காற்றின் மிகுதியையும், கடுமையான நோவு குளிரின் மிகுதியையும், ஓரிடத்தில் கனத்து நிற்கும் நோவு ஈரத்தின் மிகுதியையும் காட்டும். எனவே ஒரே முழங்கால் நோவு மூவரிடம் மூன்று வகையாக அறியப்படலாம். மருத்துவமும் அதற்கேற்ப வேறுபடும்.

சித்த மருத்துவம் இதனை வாத நோய்களுள் வைக்கும். யூகியின் ‘வைத்திய சிந்தாமணி’ வாத நோய்களை 80 எனப் பகுக்கிறது. வாதம் 1, பித்தம் ½, கபம் ¼ என்ற மாத்திரை அளவு மாறும்போது நோய் தோன்றும் என்பது அடிப்படைக் கொள்கை. தைலம், ஒற்றடம், தொக்கணம், வர்மம் ஆகியன தன்னிலை பிறழ்ந்த வாதத்தைச் சமன் செய்யும் வழிகளாகும்.

இரு மரபுகளும் ஐந்து என்ற எண்ணைக் கொண்டு உடலை விளக்குகின்றன. ஆயினும் பொருள் வேறு. சித்த மரபின் ஐந்தாவன நிலம், நீர், தீ, காற்று, வெளி என்னும் பூதங்கள். அவை உடலை ஆக்கும் பொருள்கள். சீன மரபின் ஐந்தாவன மரம், தீ, நிலம், உலோகம், நீர். அவை ஒன்றையொன்று வளர்த்தும் அடக்கியும் சுழலும் நிலைகள். எண் ஒத்திருப்பதால் கருத்தும் ஒன்றெனக் கொள்ளுதல் பிழையாகும்.

நாடியும் நூலும்

ஒப்புமை மிகுந்து காணப்படுவது நாடிப்பரிசோதனையில்தான். இரு மரபினரும் மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்தே நாடி பார்க்கின்றனர். சித்த மருத்துவர்க்கு ஆட்காட்டி விரல் வாதத்தையும், நடுவிரல் பித்தத்தையும், மோதிர விரல் கபத்தையும் உணர்த்தும். சீன மருத்துவர்க்கு அம்மூன்று இடங்களும் உள்ளுறுப்புகளை உணர்த்துவன. இடக்கைக்கும் வலக்கைக்கும் உறுப்புகள் வேறுபடும்.

இங்கு ஒரு வரலாற்று உண்மை கருதத்தக்கது. சரகர், சுசுருதர் நூல்களில் நாடிப்பரிசோதனை இல்லை; சார்ங்கதர சம்கிதையிலேயே அது தெளிவாக இடம்பெறுகிறது. சீனத்திலோ மூன்றாம் நூற்றாண்டிலேயே வாங் ஷூஹே நாடிக்கெனத் தனி நூல் எழுதினார். ஏழாம் நூற்றாண்டில் இந்தியாவில் தங்கிப் பயின்ற இத்சிங், ஊசி மருத்துவத்திலும் நாடி பார்ப்பதிலும் தம் நாடே மேம்பட்டது எனக் குறித்துள்ளார். போதிதருமரைப் பற்றிய ஆறாம் நூற்றாண்டுச் சீனக் குறிப்புகளுள் ஒன்று அவரை மேற்கு நாட்டவர் என்றும் மற்றொன்று தென்னிந்திய அரச குலத்தவர் என்றும் கூறுகின்றன. அவர் மருத்துவம் கற்பித்ததாக அவை கூறவில்லை. ஆகவே மருத்துவ அறிவு ஒரே திசையில் சென்றது என்ற முடிவுக்கு இச்சான்றுகள் இடந்தரவில்லை.

எனினும் நெசவூருக்கு நெருக்கமான ஒரு கருத்தொற்றுமை உண்டு. உடலின் தடத்தைக் குறிக்கும் ‘ஜிங்’ என்னும் சீனச் சொல்லின் முதற்பொருள் தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டப்படும் பாவு இழை. அதன் எழுத்தில் பட்டைக் குறிக்கும் உறுப்பு உள்ளது. அச்சொல்லே மூலநூலையும் குறிக்கும். ‘நேய்ஜிங்’ என்ற தலைப்பில் நிற்பதும் அதுவே. தமிழிலும் ‘நூல்’ என்பது இழையையும் ஏட்டையும் குறிக்கிறது. இது கடன் அன்று. நெய்தலை அறிந்த இரு சமூகங்கள் தனித்தனியே எய்திய ஒப்புமை எனக் கொள்ளலாம்.

முடிவுரை

உலக நலவாழ்வு அமைப்பின் பன்னாட்டு நோய்ப்பகுப்பின் பதினோராம் பதிப்பு 2022இல் நடைமுறைக்கு வந்தபோது, பண்டைச் சீனத்தில் தோன்றிய மருத்துவத்தின் நோய்ப்பெயர்கள் அதில் இடம்பெற்றிருந்தன. ஆயுர்வேதம், சித்தம், யுனானி ஆகியவற்றுக்கான பகுதி 2024இல் வெளியிடப்பட்டது. இரு மரபுகளின் சொற்களும் ஒரே பகுப்பில் அருகருகே நிற்கும் இந்நிலையில், ‘பி’யும் வாதமும் ஒன்றே என எளிதாக மொழிபெயர்த்துவிடும் போக்கு நோயறிதலையே திரித்துவிடும். ஒன்று வெளியிலிருந்து புகுவதை முதன்மையாக நோக்குகிறது. மற்றொன்று உள்ளிருக்கும் அளவு பிறழ்வதை முதன்மையாக நோக்குகிறது.

நெசவாளரைப் பொறுத்தவரை இவ்வேறுபாடு வெறும் கொள்கையளவினது அன்று. ஈரமான குழியைச் சீன நோக்கு சுட்டிக்காட்டும். உணவையும் உழைப்பின் அளவையும் சித்த நோக்கு சுட்டிக்காட்டும். ஆயினும் வளைந்த முதுகுக்குக் காரணமான இருக்கையையும் தறியின் அமைப்பையும் திருத்தாமல் இரண்டில் எந்த மருத்துவமும் நிலைத்த பயன் தராது. முன்னோர் பெருமையை நிறுவுவதைக் காட்டிலும், இரு மரபுகளும் எவற்றைக் காண்கின்றன, எவற்றைக் காணாது விடுகின்றன என அளந்தறிவதே ஒப்பாய்வின் பணியாகும்.