பெரிய ஆபரேஷன் தையல் உள்ளே எப்படி இருக்கிறது?



சாயர்புரம் பக்கம் குழுக் கூட்டங்களில் சேமிப்பு, கடன் கணக்கெல்லாம் முடிந்து பாயைச் சுருட்டுகிற நேரத்தில்தான் சில சகோதரிகள் மெதுவாக வாய் திறக்கிறார்கள். "மாதவிலக்கு நின்ன பிறகும் நாலஞ்சு நாள் காப்பிக் கலர்ல பட்டுக்கிட்டே இருக்கு." உப்பளத்தில் நாள் முழுக்க நிற்கிறவர்களுக்கு இது எத்தனை சிரமம்! இவர்களுக்குப் பெரிய ஆபரேஷனில் குழந்தை பிறந்திருந்தால், அந்தத் தையலும் காரணமாக இருக்கலாம்.

தமிழ்நாட்டில் 2015-16-ல் 100 பிரசவத்தில் 34 பெரிய ஆபரேஷன். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வில் அது 45 ஆகிவிட்டது. ஆகவே இது நம்மில் நிறையப் பேருடைய விஷயம்.

வயிற்றின் மேலே தெரிகிற தழும்பு வேறு, கர்ப்பப்பையில் போட்ட தையல் வேறு. மேலே நன்றாக ஆறியிருக்கும். உள்ளே சதை சரியாகச் சேராமல் சின்னப் பள்ளம் விழுந்திருக்கலாம். மாதவிலக்கு இரத்தம் அதில் தேங்கி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். பழைய இரத்தம் என்பதால்தான் அந்தக் காப்பி நிறம். பள்ளம் இருந்தும் ஒரு தொந்தரவும் இல்லாதவர்கள் பலர். அவர்கள் பயப்பட வேண்டாம்.

எப்படிக் கண்டுபிடிப்பது? வயிற்றின் மேல் வைக்கிற ஸ்கேனில் சரியாகத் தெரியாது. பிறப்புறுப்பு வழியாகப் பார்க்கும் ஸ்கேன்தான் வேண்டும். கூச்சமாக இருக்கும், ஆனால் சில நிமிடத்தில் முடிந்துவிடும். சிலருக்குக் கொஞ்சம் சலைன் செலுத்தியும் பார்ப்பார்கள், பள்ளம் இன்னும் தெளிவாகத் தெரியும். 2 மில்லிமீட்டராவது ஆழம் இருந்தால்தான் அதைப் பள்ளம் என்று கணக்கில் எடுக்கிறார்கள்.

அதைவிட முக்கியம், பள்ளத்துக்குப் பின்னால் மிச்சம் எவ்வளவு சதை இருக்கிறது என்பது. சுவரில் காரை எவ்வளவு பெயர்ந்தது என்பதைவிட, மிச்சச் சுவர் எத்தனை கனம் என்றுதானே பார்ப்போம்! "மிச்சச் சதை எத்தனை மில்லிமீட்டர் டாக்டர்?" என்று தைரியமாகக் கேளுங்கள். குழாய் விட்டு உள்ளிருந்து சரிசெய்ய 3 மில்லிமீட்டராவது வேண்டும் என்பது பொதுவான கணக்கு. அதற்கும் மெலிந்திருந்தால் வேறு முறையில் தைக்க வேண்டியிருக்கும்.

இனி குழந்தை வேண்டாம் என்பவர்களுக்குப் பெரும்பாலும் முதலில் மாத்திரைதான். எடுத்த எடுப்பில் "கர்ப்பப்பையை எடுத்துடலாம்" என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். இன்னொரு டாக்டரிடமும் கேளுங்கள். அதே சமயம் மெடிக்கலில் நாமாக மாத்திரை வாங்கிச் சாப்பிடுவதும் கூடாது. சதை வளர்ச்சி, கர்ப்பப்பை வாய்ப் புற்று என்று வேறு காரணமும் இருக்கலாம்.

அடுத்த குழந்தைக்கு இருக்கிற சகோதரிகளுக்கு ஒன்று. சில சமயம் கரு அந்தப் பழைய தையல் இடத்திலேயே ஒட்டி வளரும். இது உயிருக்கே ஆபத்து. அதனால் நாள் தள்ளிப்போனதுமே கிராம சுகாதார செவிலியரிடம் "முந்தினது பெரிய ஆபரேஷன்" என்று சொல்லி, ஆறு ஏழு வாரத்திலேயே ஸ்கேன் பார்த்துவிடுங்கள். ஆஸ்பத்திரியில் கொடுத்த பழைய டிஸ்சார்ஜ் சீட்டு பீரோவில் இருந்தால் தேடி எடுத்து வையுங்கள், போகும்போது கையோடு கொண்டு போகலாம்.